சார்ஜ் போடும் அருள்ராஜும் நான் சொன்ன பாதித் தீர்ப்பும்

அருள்ராஜுக்கு நான் ஒரு காலத்தில் இருபது ரூபாய் கடன்பட்டிருந்தேன். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி, சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்று கடை, இரண்டு லாரி வைத்திருக்கிற சின்னையா இருபது ரூபாய் கடன்காரன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அவன் நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது: ‘ஓனர் ஐயா, இரண்டு தடவை, இருபது.’

எங்கள் வியாபாரிகள் சங்கத்து ஆண்டு மலரில் வருஷா வருஷம் பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதுவார்கள். இந்த வருஷம் என் கதையை எழுதித் தரச் சொன்னார்கள். என்னைப் பற்றி ஊருக்கே தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பன்னிரண்டு வயதில் மூட்டை தூக்க வந்தவன், எந்த மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேனோ அதே மார்க்கெட்டில் மண்டி வைத்தவன். இதில் புதிதாக எழுத என்ன இருக்கிறது? தெரியாத ஒருவனைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லச் சொல்ல மண்டிக் கணக்குப்பிள்ளை எழுதுகிறார். அருள்ராஜைப் பற்றி எழுதுவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது. படித்தால் தெரியும்.

சத்திரத்தில் என் கடைகள் இருக்கிற கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே நாலடி அகலத்தில் ஒரு சந்து உண்டு. துடைப்பமும் உடைந்த நாற்காலியும் கிடந்த இடம். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் வந்து அதை வாடகைக்குக் கேட்டான். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் சின்ன ஸ்க்ரூ டிரைவர். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். இவன் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் பதினைந்து வருஷம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, இனிமேல் சொந்தமாகச் செய்வோம் என்று வந்திருந்தான்.

“இங்க என்ன தம்பி வியாபாரம் பண்ணுவ? நிமிந்து நின்னா தலை இடிக்கும்.”

“நான் உக்காந்துக்குவேங்க. போன்தான் நிக்கணும்.”

பலகையில் தபால் பெட்டி மாதிரி நாற்பது அறை அடித்தான். ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு ஒயர். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு போகலாம். ஒரு தடவைக்குப் பத்து ரூபாய்.

அவனிடம் போனைக் கொடுப்பது லேசான காரியமில்லை. முதலில் கவரைக் கழற்றுவான். கழற்றியதை நம் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவான். “கவருக்குள்ள கார்டு, காசு, சீட்டு எது இருந்தாலும் உங்களோடயே போகட்டும்” என்பான். அப்புறம் போனை அணைக்கச் சொல்வான். அணைக்க மாட்டேன் என்றால் பூட்டாவது போடச் சொல்வான். டோக்கன் எண், வந்த நேரம், எத்தனை பர்சென்ட் சார்ஜ் இருந்தது என்று நோட்டில் எழுதுவான். எடுக்க வரும்போது மறுபடியும் நேரம்.

ஒயரையும் அவன் சும்மா விடவில்லை. வாங்கி வந்த ஒவ்வொரு ஒயரையும் நடுவில் கீறி, உள்ளே இருக்கிற நாலு கம்பியில் இரண்டை வெட்டி எறிந்துவிட்டு டேப் சுற்றியிருந்தான். நல்ல பொருளை ஏன் கெடுக்கிறாய் என்று கேட்டேன்.

“செவப்பும் கறுப்பும் கரண்டுக்குங்க ஐயா. பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. அந்த முனையில கம்ப்யூட்டரை வச்சிக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருந்தா, நம்ம போன்ல உள்ளதை அது வழியாத்தான் கேப்பான். போன்ல ‘அனுமதிக்கவா’ன்னு வரும். நம்ம ஆளுங்க படிக்காமலே சரின்னு அமுக்கிடுவாங்க. என் கடைக்குப் போன் சாப்பிட மட்டும்தான் வரணும். யாரோடயும் பேச வேணாம்.”

அந்த ஒயரில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். பக்கத்து டீக்கடை இம்தியாஸ் பாய் தினமும் கிண்டல் பண்ணுவார்: “உங்கிட்ட ஒரு போன் நிறையறதுக்குள்ள என் மக கல்யாணமே முடிஞ்சிரும்யா.”

“முடியட்டும் பாய். மொய்யை ரொக்கமா வைக்கிறேன்” என்பான் இவன்.

என் இருபது ரூபாயும் அந்தக் காலத்தில் பட்டதுதான். நாசிக்கிலிருந்து லாரி வருகிற நேரத்தில் போன் அணைந்துபோய், இரண்டு முறை அவனிடம் சார்ஜ் போட்டேன். என் கட்டடம், என் கரண்டு, காசு எதற்கு என்று எழுந்து வந்துவிட்டேன். மாதம் பிறந்ததும் வாடகையை முழுதாகக் கொடுத்துவிட்டு, “உங்க பாக்கி இருபது ஐயா” என்றான். சிரித்துக்கொண்டே ஐம்பதை நீட்டினேன். முப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நோட்டில் அடித்தான். அன்றைக்கே இவன் தேறுவான் என்று சொன்னேன். ஆள் எப்படி என்று பார்த்தவுடன் சொல்வதில் இந்தச் சின்னையா தவறியதில்லை. ஒரே ஒரு முறை தவறினேன். அதுவும் இவன் விஷயத்தில்.

போன ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். சத்திரமே பட்டுப்புடவையும் தாம்பூலப் பையுமாக இருந்தது. நான் வாடகை வாங்க வந்து பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றரை மணி இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் அழுதுகொண்டே ஓடிவந்து அருள்ராஜின் பலகையை இரண்டு கையாலும் அடித்தார்.

“பாவி, என் பணத்தை எடுத்துட்டியே! இருபத்திநாலாயிரம்!”

அவர் பெயர் சித்ராதேவி. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சின்னதாக மெஸ் நடத்துகிறவர். பெரிய இட்லிக் கொப்பரையும் கிரைண்டரும் வாங்குவதற்கு ஒரு வருஷமாகச் சேர்த்த பணம். காலையில் திருவானைக்காவலில் ஒரு கல்யாணம், அதை முடித்துக்கொண்டு சத்திரம் வந்திருக்கிறார். அருள்ராஜிடம் சார்ஜ் போட்டிருக்கிறார். பிறகு பாத்திரக் கடையில் போனில் பணம் கட்டப் பார்த்தால் ரகசிய எண் தப்பு என்கிறது. பயந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் இருக்கிற தன் பேங்கில் பாஸ்புக்கைப் பதிந்திருக்கிறார். மீதி நூற்றுப் பதினொரு ரூபாய்.

கூட்டம் கூடிவிட்டது. அருள்ராஜ் வெளியே வந்து நின்றான்.

“அக்கா, போனைப் பூட்டித்தானே கொடுத்தீங்க?”

“பேரன் விளையாடுவான்னு நான் பூட்டே போடறதில்லை.”

“பேங்க் கார்டு எங்க வச்சிருந்தீங்க?”

“போன் கவருக்குள்ளதான். ரகசிய நம்பரும் சீட்டுல எழுதி அதுலயே ஒட்டியிருக்கு. எனக்கு நம்பர் ஞாபகம் நிக்காதுப்பா.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரித்தவன் கவரைக் கழற்றிப் பார்த்தால் அவன் கார்டும் அங்கேதான் இருந்திருக்கும்.

“அந்தக் கவரை உங்க கையிலதானேக்கா கொடுத்தேன்? மறுபடியும் எடுக்க வந்தப்ப நீங்களே மாட்டிக்கிட்டீங்க.”

“கொடுத்தியோ என்னவோ, எனக்கு ஒண்ணும் நினைவில்லை. என் போன் முக்கா மணி நேரம் உங்கிட்டதானே இருந்துது!”

அவன் நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். “ஐயா, நேரத்தைப் பாருங்க. ஒண்ணே முக்காலுக்கு வந்தாங்க, ரெண்டரைக்கு எடுத்தாங்க. வந்தப்ப ஆறு பர்சென்ட்.”

நான் அதைக் கையில் வாங்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். நாலு பேர் பார்க்க எழுத்துக்கூட்டி எனக்குப் பழக்கமில்லை.

“உன் நோட்டு, உன் கையெழுத்து. அதுல பெரிய கோயில் என்னுதுன்னு நான்கூட எழுதலாம்” என்றேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அன்றைக்கு எனக்கு இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்க்கெட்டில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. லாரியில் ஏற்றும்போது நூறு மூட்டை, கடையில் இறங்கும்போது தொண்ணூற்றெட்டு. டிரைவர் நான் இல்லை என்பான், கடைக்காரன் நானும் இல்லை என்பான். சாட்சி கிடையாது. அப்போது பெரியவர் ஒருவர் நஷ்டத்தை நடுவில் வெட்டுவார். ஆளுக்குப் பாதி. மறுநாள் இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிப்பார்கள். நாற்பது வருஷத்தில் நான் அப்படித் தீர்த்த வழக்கு ஆயிரத்துக்குக் குறையாது. ஒன்றுகூட போலீசுக்குப் போனதில்லை. பாதிச் சின்னையா என்றே எனக்குப் பெயர்.

அதே கத்தியை இங்கேயும் எடுத்தேன்.

“பன்னெண்டாயிரம் தம்பி கொடுக்கட்டும். பன்னெண்டாயிரம் அம்மாவுக்கு நஷ்டம். தீந்துது.”

அருள்ராஜ் என்னையே பார்த்தான். “நான் எடுக்கலைங்கறேன். நீங்க பாதி எடுத்தேங்கறீங்களே ஐயா.”

“எடுத்தேன்னு யார் சொன்னா? சமாதானத்துக்குக் கொடுன்னேன்.”

“கொடுக்கலைன்னா?”

“ஒண்ணாந்தேதி இடத்தைக் காலி பண்ணிக்கோ.”

இன்வெர்ட்டருக்குப் புது பேட்டரி வாங்க அவன் பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். பழைய பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. கரண்டு போனால் பத்து நிமிஷம்கூடத் தாங்காது. அந்தப் பணத்தை டப்பாவோடு எடுத்துவந்து சித்ராதேவியிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தலை இடிக்காமல் குனிந்து உட்கார்ந்துகொண்டான். நான் இன்னொரு வழக்கைத் தீர்த்த திருப்தியோடு டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினைந்து நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரு காலை ஆறரை மணிக்கு மண்டியில் லாரி இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் அம்மாள் மூட்டைகளைத் தாண்டி நேராக என் மேஜைக்கு வந்தார்.

“நான் லிசி. அருள்ராஜோட வீட்டுக்காரி.”

“உக்காரும்மா.”

“உக்கார வரலைங்க. எட்டு மணிக்கு எனக்குத் தையல் கம்பெனியில ஷிப்ட். தினம் நாப்பது போன் வந்த கடைக்கு நேத்து எத்தனை வந்துச்சு தெரியுமா? மூணு. அதுல ஒண்ணு இம்தியாஸ் பாயோடது. அவருக்குச் சார்ஜே தேவையில்லை, பாவம்னு கொடுக்கறாரு.”

“ஏன்? அதான் தீத்து வச்சிட்டேனே.”

“நீங்க தீர்த்ததாலதான். பணம் கொடுத்தான்னா எடுத்திருக்கான்னுதானே ஊர் பேசும்? வெங்காயத்துல பாதி அழுகல்னா பாதியைத் தள்ளிட்டு மீதியை விப்பீங்க. பாதித் திருடனை யாருங்க கடை வைக்க விடுவா?”

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். என் மண்டியில் என்னை நிற்க வைத்து இப்படி ஒருத்தரும் பேசியதில்லை. கோபம் வந்தது.  

லிசி பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பாஸ்புக்ல தேதி மட்டும்தான் விழும், மணி விழாது. பேங்க்ல கேட்டா மணியோட எடுத்துக் கொடுப்பாங்க. கணக்குக்காரங்க கேக்கணும். அந்தக்கா எங்க முகத்துல முழிக்க மாட்டேங்கறாங்க. நீங்க கூப்பிட்டா வருவாங்க. இந்த நோட்டுல தப்பிருந்தா நாங்களே காலி பண்ணிட்டுப் போறோம்.”

அவர் ஷிப்டுக்குப் போன பிறகு நோட்டைத் திறந்தேன். யாரும் பார்க்கவில்லை, நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். டோக்கன் பதினேழு. வந்தது 1.45. ஆறு பர்சென்ட். எடுத்தது 2.30.

அன்றைக்கே ஸ்ரீரங்கம் போனேன். சித்ராதேவி மாவு அரைத்துக்கொண்டிருந்தார். முதலில் வர மறுத்தார். “தீந்துபோனதை ஏங்க கிளறணும்?” என்றார். நான் வெற்றிலை பாக்கோடு போயிருந்தேன், வயதிலும் பெரியவன். அதற்கு மரியாதை கொடுத்து வந்தார். பேங்கில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டி ஒரு தாள் எடுத்துக் கொடுத்தது. அதில் மணி இருந்தது. பணம் போனது பகல் 12.14.

நான் நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பணம் போய் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அந்தப் போன் அருள்ராஜின் கைக்கே வந்திருக்கிறது.

“பன்னெண்டே காலுக்கு எங்கேம்மா இருந்தீங்க?”

சித்ராதேவிக்கு முகம் வெளுத்துவிட்டது. “மண்டபத்துல… பந்தியில உக்காந்திருந்தேன்.”

“போன்?”

“சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு ப்ளக் இருந்துதுங்க. ஏழெட்டு போன் சார்ஜ்ல தொங்கிட்டிருந்துது. நானும் போட்டேன். வெள்ளைச் சட்டை போட்டு, சந்தனம் வச்சிக்கிட்டு ஒருத்தர் நாற்காலியில உக்காந்திருந்தாரு. ‘பந்தி போட்டாச்சும்மா, போய்ச் சாப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்’னாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்னு நெனச்சேன்.”

பேங்க்காரப் பெண்ணுக்குக் கதை புரிந்துவிட்டது. “பூட்டு இல்லாத போன், பக்கத்துலயே கார்டு, அதுலயே ரகசிய நம்பர். கார்டை வச்சு, போன்ல பணம் அனுப்பற ரகசிய நம்பரை மாத்தி, பணத்தை அனுப்பிட்டு, வந்த மெசேஜை அழிச்சு, திரும்பவும் தொங்க விட்டிருப்பாங்கம்மா. இருபது நிமிஷம் போதும்” என்றது.

அரைமணி நேரம் சார்ஜில் தொங்கிய போன் ஏன் ஆறு பர்சென்ட்டோடு சத்திரத்துக்கு வந்தது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது ப்ளக்கில் இருந்ததைவிட அந்த ஆளின் மடியில் அதிக நேரம் இருந்திருக்கிறது. சித்ராதேவி அங்கிருந்தே கல்யாண வீட்டுக்குப் போன் போட்டார். பெண் வீட்டார் அந்த வெள்ளைச் சட்டைக்காரரை மாப்பிள்ளை வீடு என்று நினைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு வீட்டாரும் வரவேற்று உபசரித்து, அவர் வயிறாரச் சாப்பிட்டும் போயிருக்கிறார்.

பேங்கில், இணையத் திருட்டுக்கான போலீஸ் உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டுப் புகாரும் பதிந்தாயிற்று. “அன்னைக்கே கூப்பிட்டிருந்தா பணத்தைப் பாதி வழியில நிறுத்த வாய்ப்பு அதிகம்மா. இப்ப முயற்சி பண்றோம்” என்றார் பேசியவர். அன்றைக்கே ஏன் கூப்பிடவில்லை? அன்றைக்குத்தான் பெரிய மனிதர் ஒருவர் தீர்த்து வைத்துவிட்டாரே. ஒன்றுகூட போலீசுக்குப் போனதில்லை என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிடச் சொல்லவில்லை, இருக்கட்டும். இதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பேங்க் வாசலில் சித்ராதேவி அழுதார். “அந்தத் தம்பி கொடுத்த பணத்துல கிரைண்டர் வாங்கிட்டேங்க. திருப்பிக் கொடுக்கணும், இப்ப கையில இல்லையே.”

“நீங்க கொடுக்க வேணாம். தீர்ப்பு சொன்னவன் நான். உங்களுக்குப் போலீஸ்லேர்ந்து வந்தா அப்ப பாப்போம். சத்திரத்துக்கு மட்டும் என்கூட வாங்க” என்றேன்.

மாலை ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அருள்ராஜ் காலியான நாற்பது அறைக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு ஒயருக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். இந்த முறை தலை இடித்தது. சித்ராதேவி, “தம்பி, உன்மேல பழி போட்டுட்டேன்ப்பா” என்று கையைக் கூப்பினார். விஷயம் முழுவதையும் நான்தான் சொன்னேன். நேரத்தைச் சொன்னேன், மண்டபத்தைச் சொன்னேன், சந்தனப்பொட்டுக்காரனைச் சொன்னேன்.

அவன் கேட்டுவிட்டு, “சரிங்க ஐயா” என்றான். 

சட்டைப் பையிலிருந்து பன்னிரண்டாயிரத்தை எடுத்து, மடித்தபடியே அவன் கையில் திணிக்கப் போனேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“இப்படி வேணாங்க.”

“எப்படி? போன்ல அனுப்பச் சொல்றியா?”

“இல்லைங்க. அன்னைக்கு நான் கொடுத்ததைப் பத்து பஸ் ஜனம் பாத்துது. துறையூர் பஸ் வரட்டும், முசிறி பஸ் வரட்டும். வெளியில நின்னு, சத்தமா எண்ணிக் கொடுங்க. எதுக்குக் கொடுக்கறீங்கன்னும் சொல்லிக் கொடுங்க.”

இம்தியாஸ் பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். என் வயதில், என் கட்டடத்து வாசலில், என் வாடகைக்காரன் எனக்குச் சொல்கிறான். எழுபத்திரண்டு வயதில் எத்தனையோ பெரிய தொகைகளை எண்ணியிருக்கிறேன். அவ்வளவு கனமான தொகையை எண்ணியதில்லை.

துறையூர் பஸ் வந்தது. ஜனம் இறங்கியது. நான் மார்க்கெட்டில் ஏலம் கூவிய தொண்டையைத் திறந்தேன்.

“எல்லாரும் இங்க பாருங்க! நான் மண்டி சின்னையா. இந்தத் தம்பி அருள்ராஜ் யார் போன்லேர்ந்தும் ஒரு பைசா எடுக்கலை. திருவானைக்காவல் கல்யாணத்துல வேற ஒருத்தன் எடுத்தான். பேங்க்ல மணி பாத்தாச்சு. விசாரிக்காம தீர்ப்பு சொன்னது நான். தப்பு என்னுது.”

“இன்னும் கொஞ்சம் சத்தமா முதலாளி, முசிறி பஸ்ஸும் வந்துருச்சு” என்றார் பாய்.

இன்னும் சத்தமாக மறுபடியும் சொன்னேன். ஒரு கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். சித்ராதேவி அருள்ராஜின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

அருள்ராஜ் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வலது கையை நீட்டி விரித்தான். எல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்துக் கூவினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. பத்து தாண்டியதும் கூட்டமும் என்னோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தது.   இருபத்திரண்டு. இருபத்திமூணு. இருபத்திநாலாவது நோட்டை வைத்து, அவன் விரல்களை நானே மடக்கிவிட்டேன்.